பிரமாணிக்கம் இருவர் கையில்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)



திருமணத் திருப்பலிகளில் நாம் எல்லாரும் பங்கெடுத்திருக்கிறோம். மணமக்கள் பீடத்தின் முன் நின்று வலக்கைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இன்பம் வந்தாலும் துன்பம் வந்தாலும், உடல் நலமாக இருந்தாலும் நோயுற்றாலும், பிரமாணிக்கமாய் இருப்பதாக முதலில் ஒருவர் சொல்கிறார். பிறகு மற்றவர் சொல்கிறார். பெற்றோர் அவர்களுக்காக அதைச் சொல்ல முடியாது. குருவும் சொல்ல முடியாது. சம்மதத்தை மணமக்களே தர வேண்டும். வேறு எந்த மனித அதிகாரமும் அதை அவர்களுக்குப் பதிலாகத் தர முடியாது என்கிறது திருஅவைச் சட்டத் தொகுப்பின் 1057ஆம் எண்.

இதனால் நம்மில் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். "என் வாக்கை நான் காப்பாற்றுகிறேன். அவர் காப்பாற்றுகிறாரா இல்லையா என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் இடையே உள்ள காரியம்" என்கிறோம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மைதான். என் வாக்கை நான் எப்படிக் காக்கிறேன் என்பது, என் துணைவரோ துணைவியோ தம் வாக்கில் நிலைத்திருக்கத் துணையாகவும் அமையலாம், தடையாகவும் அமையலாம். இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

ஆட்டுக்குட்டியால் வந்த சண்டை

விவிலியத்தில் ஒரு கணவன் மனைவி சண்டை மிக வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. தோபித்து நூலின் 2ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நினிவே நகரில் நாடுகடத்தப்பட்டு வாழ்ந்தவர் தோபித்து. தருமம் செய்வார், கேட்பாரற்றுக் கிடந்த இறந்தோரை அடக்கம் செய்வார். அப்படி ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்து முற்றத்துச் சுவரோரம் படுத்திருந்தபோது, குருவிகளின் எச்சம் கண்களில் விழுந்து பார்வை போய்விடுகிறது. மனைவி அன்னா நெசவு வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். ஒரு நாள் வேலை கொடுத்தவர்கள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

ஆட்டுக்குட்டி வீட்டில் கத்துகிறது. பார்வையற்ற தோபித்து, இது எங்கிருந்து வந்தது, திருடியதா என்று கேட்கிறார். அன்பளிப்பு என்று அன்னா சொல்கிறார். அவர் நம்பவில்லை, திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார். உழைத்துக் களைத்து வந்த பெண் அவர். அவருக்குக் கோபம் வருகிறது. நீர் செய்த தருமமெல்லாம் எங்கே போயிற்று என்று அவரை நோகடிக்கும் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்.

இந்தச் சண்டை நம் வீடுகளுக்குப் புதிதல்ல. ஆட்டுக்குட்டிக்குப் பதிலாகச் சம்பளப் பணம் இருக்கும், கைபேசி இருக்கும், தாமதமாக வீடு திரும்பிய ஓர் இரவு இருக்கும். இவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒருவர் நேர்மையானவர், மற்றவர் உழைப்பாளி. ஆனாலும் ஒருவரது சந்தேகம் மற்றவரது சொல்லைக் கசப்பாக்குகிறது. அந்தக் கசப்பு முதலாமவரின் மனத்தை உடைக்கிறது. தோபித்து அழுது, சாவை வேண்டி மன்றாடும் அளவுக்குப் போய்விடுகிறார்.

இந்தக் கதைக்கு மீண்டும் வருவோம். அதற்கு முன், குடும்ப உறவை ஆராய்ந்தவர்கள் கண்டறிந்த சில செய்திகளைப் பார்ப்போம்.

உறுதியைத் தாங்குபவை மூன்று

அமெரிக்க உளவியலாளர் கேரில் ரஸ்புல்ட் 1980களின் தொடக்கத்தில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். ஓர் உறவில் ஒருவர் ஏன் நிலைத்திருக்கிறார்? மகிழ்ச்சியாக இருப்பதால்தான் என்று நாம் சொல்லிவிடுவோம். மகிழ்ச்சி ஒரு காரணம்தான். அது மட்டுமே காரணம் அல்ல என்று அவர் காட்டினார். உறுதியைத் தாங்குபவை மூன்று. முதலாவது, இந்த உறவில் கிடைக்கும் மனநிறைவு. இரண்டாவது, வேறு இடத்தில் இதைவிட நல்ல வாழ்வு கிடைக்கும் என்ற எண்ணம் இல்லாமை. மூன்றாவது, இந்த உறவுக்காக ஏற்கெனவே செலவழித்தவை: ஆண்டுகள், உழைப்பு, பிள்ளைகள், சேர்ந்து அனுபவித்த சுகதுக்கங்கள்.

இந்த மூன்றையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள். எதுவும் ஒருவர் தனியாக உண்டாக்குவது அல்ல. என் மனைவிக்கு இந்த வீட்டில் மனநிறைவு இருக்கிறதா என்பது பெருமளவு என்னைப் பொறுத்தது. வெளியே பேசும் ஒருவரின் கனிவு என் கணவருக்குப் பெரிதாகத் தெரிகிறதா என்பது, வீட்டில் அவருக்கு எவ்வளவு கனிவு கிடைக்கிறது என்பதையும் பொறுத்தது. இதனால் தவறிழைத்தவரின் பொறுப்பு குறைந்துவிடுவதில்லை. பாவம் செய்தவர் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அன்றாடம் ஒருவர் மற்றவரின் உறுதிக்கு நீர் ஊற்றுகிறோம்; அல்லது ஊற்ற மறந்துபோகிறோம்.

பார்ப்பதால் வளரும் நம்பிக்கை

1999இல் ரஸ்புல்ட்டும் உடன் ஆய்வாளர்களும் இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டு சென்றார்கள். காதலர்களையும் தம்பதியரையும் சில காலம் தொடர்ந்து கவனித்தபோது ஒரு சுழற்சி தெரிந்தது.

உறுதி உள்ளவர், உறவின் நன்மைக்காகத் தம் விருப்பத்தை விட்டுக்கொடுக்கிறார். துணைவர் கடுமையாகப் பேசும்போது, தாமும் அதேபோல் பேசாமல் தணிந்து பதில் சொல்கிறார். துணைவர் அதைப் பார்க்கிறார். "இவர் தம் நலத்தை மட்டும் பார்ப்பவர் அல்லர்" என்ற நம்பிக்கை அவருக்கு வருகிறது. நம்பிக்கை வந்தவர் துணிந்து சாய்ந்துகொள்கிறார். அவருடைய உறுதியும் வளர்கிறது. பிறகு அவரும் விட்டுக்கொடுக்கிறார். அதை முதலாமவர் பார்க்கிறார். இப்படியே தொடர்கிறது.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மாமியார் மருத்துவமனையில் படுத்திருக்கிறார். மருமகள் தன் விடுப்பை எல்லாம் அதற்கே செலவழிக்கிறார். கணவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அடுத்த ஆண்டு மனைவி பி.எட். படிக்க விரும்பும்போது, புது வண்டிக்குச் சேர்த்த பணத்தை எடுத்து, "இந்தாம்மா, முதல்ல உன் ஃபீஸைக் கட்டு" என்கிறார். இங்கே யாரும் கணக்குப் போட்டுச் செய்யவில்லை. ஒருவர் செய்த தியாகத்தை மற்றவர் பார்த்தார், அவ்வளவுதான்.

இதே சக்கரம் எதிர்த்திசையிலும் சுற்றும். "அவங்க வீட்டுக்குன்னா ஓடுவாரு, எனக்குன்னா நேரம் இல்ல" என்ற எண்ணம் ஒருவருக்கு வந்துவிட்டால் அவர் கையை இழுத்துக்கொள்கிறார். அதைப் பார்த்து மற்றவரும் இழுத்துக்கொள்கிறார். எந்த நாளில் பிரிந்தோம் என்று சொல்ல முடியாமலே இருவரும் தூரமாகிவிடுகிறார்கள்.

இந்தச் சுழற்சியில் முக்கியமான சொல் 'பார்க்கிறார்' என்பதே. என் உள்ளத்தில் எவ்வளவு உறுதி இருந்தாலும், அது என் துணைவரின் கண்ணுக்குத் தெரியாவிட்டால் அவருடைய உறுதியை அது வளர்ப்பதில்லை.

சிறு அழைப்புக்குத் திரும்பும் முகம்

அப்படியானால் பெரிய தியாகங்கள் செய்துகொண்டே இருக்க வேண்டுமா? இல்லை. ஜான் காட்மன் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதியரின் அன்றாடப் பேச்சைப் பல ஆண்டுகள் கவனித்தார். கணவன் மனைவி ஒருவரை ஒருவர் நாள் முழுவதும் சின்னச் சின்னதாக அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று அவர் கண்டார். "என்னங்க, இந்தப் பூவைப் பாருங்க" என்பது ஓர் அழைப்பு. "இன்னைக்கு ஆபீஸ்ல ஒரு கூத்து நடந்துச்சு" என்பது ஓர் அழைப்பு. ஒரு பெருமூச்சுகூட அழைப்புத்தான். மற்றவர் முகம் திருப்பிப் பதில் சொல்லலாம், கேளாததுபோல் இருந்துவிடலாம், எரிந்தும் விழலாம்.

அவர் கவனித்த புதுமணத் தம்பதியரில், ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் சேர்ந்து வாழ்ந்தவர்கள் இப்படிப்பட்ட 100 அழைப்புகளில் சராசரியாக 86க்கு முகம் திருப்பியிருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33க்குத்தான் திரும்பியிருந்தார்கள். அந்தச் சராசரி 100க்கு 100 அல்ல என்பதையும் கவனியுங்கள். நிலைத்து நின்றவர்களும் சில வேளைகளில் தவறவிட்டவர்களே.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் குடும்பங்களிடம் மூன்று சொற்களைத் திரும்பத் திரும்ப நினைவூட்டினார்: தயவுசெய்து, நன்றி, மன்னித்துக்கொள். 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' ஏட்டிலும் அவற்றை எழுதினார். நம் வீடுகளில் இந்தச் சொற்கள் கொஞ்சம் அரிதுதான். "கட்டின பொண்டாட்டிக்கு எதுக்கு நன்றி?" என்று கேட்போரும் உண்டு. நன்றி என்று நாம் சொல்லும்போது, "நீ செய்ததை நான் பார்த்தேன்" என்று சொல்கிறோம். அப்படிப் பார்க்கப்பட்டவருக்குத் தொடர்ந்து செய்ய மனம் வருகிறது.

ஆட்டம் காணும் உறுதி

இன்னொரு செய்தி நம்மை எச்சரிக்கிறது. ஸிமெனா அரியாகா என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, காதலித்துக்கொண்டிருந்த இளையோரைப் பற்றியது. தன் துணைவர் எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்று ஒவ்வொருவரும் அவ்வப்போது மதிப்பிட்டார்கள். அந்த மதிப்பீடு ஒரு வாரம் மேலே, ஒரு வாரம் கீழே என்று அதிகம் ஆடியவர்களின் உறவு முறிந்துபோகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. சராசரி எவ்வளவு என்பது மட்டும் போதவில்லை. நிலையாக இருக்கிறதா என்பதும் முக்கியமாயிற்று.

நம் வீடுகளில் இந்த ஆட்டத்தை உண்டாக்குவது பெரும்பாலும் நாக்குத்தான். கோபம் வந்தால், "எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்கிறோம். "உன்னைக் கட்டினதே தப்பு" என்கிறோம். மறுநாள் காலை சாதாரணமாகக் காபி கொடுக்கிறோம். சொன்னவர் மறந்துவிடுகிறார். கேட்டவர் மறப்பதில்லை. "இவர் எந்த நாளும் போய்விடக்கூடும்" என்ற பயம் அவருக்குள் தங்கிவிடுகிறது. பயத்தில் இருப்பவர் தம் முழு மனத்தையும் கொடுப்பதில்லை. கொஞ்சம் தமக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்கிறார்.

உறவில் குறைந்த அக்கறை உள்ளவர் கையிலேயே அதிக அதிகாரம் இருக்கும் என்று வில்லார்டு வாலர் என்ற சமூகவியலாளர் 1938இலேயே எழுதினார். போய்விடுவேன் என்று மிரட்டுபவர் அந்த அதிகாரத்தைத்தான் கையில் எடுக்கிறார். அந்தச் சண்டையில் அவர் வெல்லலாம். அதற்கு விலையாகத் துணைவரின் நம்பிக்கையை இழக்கிறார். ஆகவே திருமணமானவர்களே, எதைப் பற்றி வேண்டுமானாலும் வாதாடுங்கள். திருமணத்தையே பந்தயமாக வைத்து வாதாடாதீர்கள்.

கல்லுக்குள் இருக்கும் உருவம்

உரோமையில் தூய பேதுரு பெருங்கோவிலுக்குள் நுழைந்ததும் வலப்பக்கத்தில் 'பியெத்தா' சிலை இருக்கிறது. இறந்த மகனை மடியில் ஏந்திய அன்னை மரியாவை, 1498, 1499ஆம் ஆண்டுகளில் மைக்கலாஞ்சலோ ஒரே பளிங்குக் கல்லில் செதுக்கினார். உருவம் கல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது, அதை வெளிக்கொணர்வதே சிற்பியின் வேலை என்பது அவருடைய எண்ணமாகச் சொல்லப்படுகிறது.

ரஸ்புல்ட்டும் ஸ்டீபன் டிரிகோட்டஸ் முதலான ஆய்வாளர்களும் 1999இல் தாங்கள் கண்ட ஓர் உண்மைக்கு இந்தச் சிற்பியின் பெயரையே வைத்தார்கள். ஒருவர் எப்படிப்பட்டவராக வளர விரும்புகிறாரோ, அப்படிப்பட்டவராகவே துணைவர் அவரைப் பார்த்து நடத்தினால், அவர் மெல்ல மெல்ல அப்படியே ஆகிறார். அந்த உறவும் வலுப்படுகிறது. பொறுமைசாலியாக விரும்பும் கணவரிடம், "இன்னைக்கு நீங்க பொறுமையாப் பேசினது எனக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று சொல்லும் மனைவி ஒரு சிற்பி. "உன் பொறுமையைப் பத்தி எனக்குத் தெரியாதா" என்று நாலு பேர் முன்னால் கேலி செய்பவரும் உளி பிடித்தவர்தான். ஆனால் அவர் கல்லை உடைக்கிறார்.

இங்கே ஒரு கவனம் தேவை. நான் விரும்பும் உருவத்தை அவர்மேல் திணிப்பது சிற்பம் ஆகாது. ஆண்டவர் அவருக்குள் வைத்த உருவம் எது, அவர் ஏங்குவது எது என்று முதலில் கேட்க வேண்டும். பத்து ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தும் அந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் உண்டு.

யார் தொடங்குவது?

"எல்லாம் சரி, சாமி. ஆனா எப்பவும் நான்தானே முதல்ல இறங்கி வரணும்?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சுற்றும் சக்கரத்தை யாராவது ஒருவர் முதலில் தள்ளித்தான் ஆக வேண்டும். இருவரும் மற்றவருக்காகக் காத்திருந்தால் சக்கரம் நின்றுவிடும். நாம் பாவிகளாய் இருந்தபோதே கிறிஸ்து நமக்காக உயிர் கொடுத்தார் என்று திருத்தூதர் பவுல் எழுதுகிறார் (உரோ 5:8). நாம் திருந்தி வரட்டும் என்று ஆண்டவர் காத்திருக்கவில்லை. நம்பிக்கை கொண்ட துணைவரால் நம்பிக்கை கொள்ளாதவரும் தூயவராக்கப்படுகிறார் என்றும் அவர் சொல்கிறார் (1 கொரி 7:14). முதலில் தொடங்குபவர் தோற்றவர் அல்லர். இந்த அருளின் வாய்க்காலாக இருப்பவர்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அடியையும் அச்சுறுத்தலையும் பொறுத்துக்கொண்டே இருந்தால் அவர் திருந்திவிடுவார் என்று நான் சொல்லவில்லை, திருஅவையும் சொல்லவில்லை. துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ மனத்தளவிலோ கடும் ஆபத்து விளைவித்தால், பிரிந்து வாழ அது நியாயமான காரணம் என்று திருஅவைச் சட்டம் 1153 கூறுகிறது. இந்தியாவில் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. 181 என்ற எண்ணில் பெண்கள் உதவி கேட்கலாம். அப்படி ஒரு துன்பத்தில் இருக்கும் சகோதரியிடம், "பொறுத்துப் போம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். முதலில் அவருக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும்.

ஒரே கல்லறை

மீண்டும் தோபித்துவிடம் வருவோம். ஆட்டுக்குட்டிச் சண்டைக்குப் பிறகு அவர் சாவை வேண்டி மன்றாடினார் அல்லவா? அதே நாளில் மகன் தோபியாவை அழைத்துப் பேசுகிறார். அது 4ஆம் அதிகாரம். உன் தாயை மதித்து நட. அவள் வாழும் காலமெல்லாம் கைவிடாதே. அவள் இறக்கும்போது என் அருகில் அதே கல்லறையில் அடக்கம் செய் என்கிறார்.

சண்டை நடந்த அதே நாளில், தன்னைப் புண்படுத்திய மனைவியோடு ஒரே கல்லறையில் உறங்க விரும்புகிறார். இதுதான் பிரமாணிக்கம். ஆனால் அந்தச் சொல்லை அவர் மகனிடம் சொன்னார். அன்னா அதைக் கேட்டதாக நூல் சொல்லவில்லை. திருடினாயா என்ற கேள்வி அவர் காதில் விழுந்தது. ஒரே கல்லறை என்ற சொல் விழுந்ததா என்று தெரியவில்லை.

நம் வீட்டுப் பெரியவர்களில் எத்தனை பேர் இப்படி! "உங்க அம்மாவைப் போல ஒருத்தி கிடையாது" என்று பிள்ளைகளிடம் சொல்வார்கள். மனைவியிடம் சொல்ல மாட்டார்கள். "உங்க அப்பா தங்கம்" என்று மருமகளிடம் சொல்வார்கள். அந்தத் தங்கத்திடம் சொல்ல மாட்டார்கள். அடக்கத் திருப்பலி முடிந்து கல்லறைத் தோட்டத்தில் நின்று அதைச் சொல்லி அழுவார்கள்.

தோபித்துவும் அன்னாவும் பிறகு மாறுகிறார்கள். மகன் தொலைதூரப் பயணம் போனபோது அழுத அன்னாவை, இம்முறை தோபித்து குற்றம் சாட்டவில்லை, தேற்றுகிறார். நாள் கடந்தும் மகன் வராதபோது மீண்டும் மனத்தாங்கல் வருகிறது. அன்னா அவரைப் பேசாதிரும் என்கிறார். ஆனாலும் பிரிந்துவிடவில்லை. நாள்தோறும் அன்னா வழியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். ஒரு நாள் மகன் வருவதைக் கண்டதும், பார்வையற்ற கணவரிடம், உம் மகன் வருகிறான் என்று சொல்கிறார். அவரால் பார்க்க முடியாததை அன்னா பார்த்துச் சொல்கிறார். இறுதியில் மகன் தாயைத் தந்தையின் அருகிலேயே அடக்கம் செய்தார் என்று அந்த நூல் முடியும் தறுவாயில் படிக்கிறோம்.

அன்பார்ந்தவர்களே, இந்த வாரத்திற்கு ஒரே ஒரு வேலை. உங்கள் கணவரைப் பற்றியோ மனைவியைப் பற்றியோ பிறரிடம் நீங்கள் சொல்லும் ஒரு நல்ல சொல்லை, இன்று இரவு படுக்கப் போகுமுன் அவரிடமே சொல்லுங்கள். கூச்சமாக இருக்கும். "என்ன இன்னைக்குப் புதுசா?" என்று அவர் சிரிக்கக்கூடும். பரவாயில்லை, சொல்லுங்கள். பீடத்தின் முன் நீங்கள் கொடுத்த வாக்கை அன்று ஊரே கேட்டது. அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை உங்கள் துணைவர் இன்று கேட்கட்டும்.

கணவரை இழந்தவர்களே, மனைவியை இழந்தவர்களே, அந்தச் சொல்லை நீங்கள் செபத்தில் சொல்லுங்கள். இளையோரே, திருமணத்திற்கு முன்பே நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் உங்கள் வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

தோபித்துவையும் அன்னாவையும் ஒருவர் மற்றவருக்குத் துணையாக வைத்துக் காத்த இறைவன், நம் குடும்பங்களையும் பிரமாணிக்கத்தில் காப்பாராக. ஆமென்.